வாட்டர் பார்க்கில் ஆடி விருந்து

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஜாக்கெட் அளவுகள்தான். உடம்பு முப்பத்தாறு, கை பத்து, முதுகு இறக்கம் ஏழு. அப்படிப்பட்டவள் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் எல்லாரும் கேட்கிறார்கள். வாட்டர் பார்க் போனீர்களாமே, என்ன கொண்டுபோக வேண்டும், எத்தனை மணிக்குப் போக வேண்டும், எதில் முதலில் ஏற வேண்டும் என்று. நேரில் பதில் சொல்ல எனக்கு வாய் வராது. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு தலையை மட்டும் ஆட்டி அனுப்பிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பிரித்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

நான் போனது ஒரே ஒரு தடவை. யோசனை சொல்ல அது போதும். அடிக்கடி போகிறவர்களுக்கு நனையவே நேரம் சரியாக இருக்கும், யோசனை சொல்ல எங்கே நேரம்?

வாட்டர் பார்க்குக்குப் போகிறவர்கள் முதலில் எதற்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். மற்றவர்கள் நனைவதற்குப் போகிறார்கள். நான் என் மகளிடம் ஒரு கேள்வி கேட்பதற்காகப் போனேன்.

மகளுக்குப் போன வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. நாங்கள் கீரனூர். மாப்பிள்ளை வீடு விராலிமலைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி. கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வருடம் அவள் திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்த்தாள். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வருவாள். வந்ததும் யாருக்கு என்ன குறைவாக இருந்தது, யார் ஊசியைப் பார்த்து அழுதார்கள் என்று கதை சொல்வாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, அவள் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா, “போகட்டும், யாரு வேணாம்னா?” என்றார். நாங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். நல்ல கேள்வியைப் பதில் என்று எடுத்துக்கொள்வதில் என் கணவரை யாரும் மிஞ்ச முடியாது.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் லீவு போட்டிருந்தாள். லீவு முடியப்போகிறது, வேலைக்குப் போகிற பேச்சையே காணோம். தானாக விட்டாளா, விடச் சொன்னார்களா? இதுதான் என் கேள்வி.

போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். சம்பந்தியம்மா மிகவும் பாசமானவர். மகள் போனை எடுத்தாலே, “ஸ்பீக்கர்ல போடுத்தா, ஒங்கம்மா கொரலக் கேட்டா நானும் பேசுன மாதிரி இருக்கும்ல” என்பார். அப்புறம் என்ன பேசுவது? மழை பெய்ததா, தண்ணீர் வந்ததா என்று பேசிவிட்டு வைப்போம். என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். எதையாவது மறைத்தால், “நீ சாப்ட்டியாம்மா?” என்று கேட்பாள். குடையைத் தொலைத்த அன்று ஒரு தடவை கேட்டாள். சயின்ஸில் ஃபெயிலான அன்று இரண்டு தடவை. இப்போது ஒவ்வொரு போனிலும் மூன்று தடவை கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆடி வரட்டும் என்று பொறுத்திருந்தேன். எங்கள் பக்கம் தலையாடிக்கு, அதாவது கல்யாணமான பிறகு வருகிற முதல் ஆடிக்கு, பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்து விருந்து வைப்போம். விருந்து முடிந்ததும் மாப்பிள்ளையை அனுப்பிவிட்டுப் பெண்ணை மட்டும் மாதம் முழுவதும் வைத்துக்கொள்வோம். ஒரு கேள்வி கேட்க ஒரு மாதம் தாராளம். ஆனால் சம்பந்தி வீட்டார் நாகரிகமானவர்கள். “இந்தக் காலத்துல எதுக்கு மதினி புருசன் பொண்டாட்டியப் பிரிச்சு வைக்கிறது, நாங்க அதெல்லாம் பாக்குறதில்ல” என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாக வாட்டர் பார்க் போய்வரலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். மூடநம்பிக்கை ஒழிந்தது. எனக்குக் கிடைக்க வேண்டிய ஒரு மாதம் ஒரு நாளாகச் சுருங்கியது.

சரி, யோசனைக்கு வருகிறேன். பார்க்கின் விதிமுறைகளை முன்கூட்டியே படித்துவிடுவது நல்லது. மாப்பிள்ளை அதை என் கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். என் கணவர் எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். எந்த மெஷினோடு வருகிற புத்தகத்தையும் அவர் பிரித்துப் பார்த்ததில்லை. இதற்கும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனை மூடிவிட்டார். அதில் என்ன இருந்தது என்று கேட்டேன். “என்னமோ குளிக்கிறதப் பத்தி” என்றார்.

ஆகவே நான் சமைத்தேன். விருந்து என்பது வீட்டில் நடந்தால் என்ன, தண்ணீரில் நடந்தால் என்ன, தலையாடி தலையாடிதான். கறி வறுவல், கோழிக் குழம்பு, முட்டை, ரசம், தேங்காய்ப்பால் என்று ஒன்றையும் விடவில்லை. இரண்டு பெரிய தூக்கு, ஒரு நாலடுக்குக் கேரியர், ஈரத்துணியில் சுற்றிய வாழை இலைக் கட்டு. இவற்றோடு முதல் பஸ் ஏறி விராலிமலை போய் இறங்கினோம். அங்கே மாப்பிள்ளையின் கார் காத்திருந்தது. காரில் மாப்பிள்ளையும் என் கணவரும் முன்னால். பின்னால் நான் ஒரு ஓரம், மகள் ஒரு ஓரம், நடுவில் சம்பந்தியம்மா. நெடுஞ்சாலை முழுக்க அவரைத் தாண்டி என் மகளின் மூக்குத்தி மட்டும் தெரிந்தது.

வாட்டர் பார்க் வாசலில் சீருடை போட்ட ஒருவர் எங்கள் தூக்கைப் பார்த்தார். பார்க்கவே வேண்டியதில்லை, வாசனையே அவரிடம் போய்ச் சொல்லியிருக்கும். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்றார். போர்டைக் காட்டினார். என் கணவர் அதை முழுவதும் படித்தார். படிக்க வேண்டியவற்றைப் படிக்க வேண்டிய நேரத்துக்குப் பிறகு படிப்பதில் அவருக்கு நிகரில்லை. காரிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்றார் சீருடைக்காரர். அந்த வெயிலில் மூடிய காருக்குள் கோழிக் குழம்பை வைத்தால் மத்தியானம் அது என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கு வைத்த விருந்து கெட்டுப்போனால் எங்கள் பக்கம் அதை என்ன சகுனம் என்று சொல்வார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது.

சகுனம் பார்க்காத சம்பந்தியம்மாதான் முதலில் சொன்னார். “கெடவிடக் கூடாது மதினி. இங்கிட்டே அந்த வேப்ப மரத்தடியில எலையப் போடுங்க.”

வாட்டர் பார்க்குக்குப் போகிறவர்கள் வயிற்றைக் காலியாக வைத்திருப்பது நல்லது என்று அந்தப் போர்டிலேயே எழுதியிருந்தது. நாங்கள் கார் நிறுத்துமிடத்தில், காலை பத்து மணிக்கு, தலைவாழை இலை போட்டுக் கறிவிருந்து சாப்பிட்டோம். நாங்கள் என்றால் அவர்கள். நான் பரிமாறினேன். எங்கள் வழக்கத்தில் மாமியார் மருமகன் முன்னால் வந்து நிற்கிறதில்லை. கதவு நிலைக்கு அந்தப் பக்கம் நின்று, “மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு துண்டு வையித்தா” என்று மகளிடம் சொல்வதோடு சரி. வேப்ப மரத்தடியில் நிலைக்கு எங்கே போவது? காரின் டிக்கியைத் தூக்கி விட்டு, மாப்பிள்ளைக்கு வைக்கும்போது மட்டும் அதற்குப் பின்னால் நின்று மகளிடம் கொடுத்தேன். அந்த வழியாக உள்ளே போன ஒரு குடும்பத்தினர், இந்தச் சாப்பாடு உள்ளேயும் கிடைக்குமா என்று என் கணவரிடம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

சம்பந்தியம்மா இரண்டாவது தடவை வைத்ததுமே, “போதும் மதினி” என்றார். ஆனால் போதும் என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கையை இலைக்குக் குறுக்கே வைத்து மறைத்தால்தான் போதும் என்று அர்த்தம். அவர் கை மடியில் இருந்தது. இரண்டாவது கரண்டிவரை நான் வைத்தது மரியாதைக்கு. மூன்றாவது கரண்டியை என்ன நினைத்து வைத்தேன் என்று இதுவரை என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

உள்ளே போனதும் உடை மாற்ற வேண்டும். சேலை, சுடிதார், வேட்டி எதற்கும் தண்ணீரில் அனுமதி கிடையாது. நைலானில் தைத்த சட்டையும் முழுக்கால் பேண்டும் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். சம்பந்தியம்மா தயங்காமல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். நாகரிகமானவர் என்று முன்பே சொன்னேனே. நான் பை பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒவ்வொரு குடும்பத்திலும் பை பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், அவர் நனையாத ஆளாக இருக்க வேண்டும். நான் அதற்கென்றே பிறந்தவள். லாக்கர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வேறு யாரோ பூட்டு போட்டிருக்கிற பெட்டியை நம்பித் துண்டையும் செருப்பையும் எப்படி வைப்பது? போன்களை மட்டும் அதில் வைத்தார்கள். சம்பந்தியம்மாவின் போனும் மகளின் போனும் ஒன்றாக உள்ளே போய்ப் பூட்டப்பட்டதை நான் பார்த்தேன். அன்றைக்கு நான் பார்த்த முதல் நல்ல காட்சி அதுதான்.

ஆனால் போன் போனாலும் ஸ்பீக்கர் கூடவே இருந்தது. சம்பந்தியம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயமாம். “கைய விட்றாதத்தா” என்று என் மகளின் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவேயில்லை. அலை அடிக்கிற குளம் ஒன்று இருக்கிறது. சங்கு ஊதியதும் அலை வரும், ஜனங்கள் எல்லாரும் கத்துவார்கள். அலை நின்றதும் அடுத்த சங்குக்காக நின்றுகொண்டிருப்பார்கள். ஒவ்வொரு அலைக்கும் மாமியாரும் மருமகளும் ஒன்றாக எழும்பி ஒன்றாக இறங்கினார்கள். நான் பைகளோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டப் போகலாம் என்றால் சேலை. சேலையை மாற்றலாம் என்றால் மாப்பிள்ளை அந்தக் குளத்திலேயே நின்றார். டிக்கிக் கதவையும் கூடக் கொண்டுவர முடியாது. என் கணவர் ஆளையே காணோம். அலையை உண்டாக்குகிற மோட்டார் எங்கே இருக்கிறது, எத்தனை எச்.பி. என்று பார்க்கப் போய்விட்டார். மகளின் மனசை அறிய நான் ஒரு பக்கம், மோட்டாரின் மனசை அறிய அவர் ஒரு பக்கம்.

அந்த ஒரு நாளில் பாதி இப்படியே போனது. மகள் ஒரு தடவை கரைக்கு வந்து துண்டை வாங்கி முகம் துடைத்தாள். பின்னாலேயே சம்பந்தியம்மா. “நீ சாப்ட்டியாம்மா?” என்றாள் மகள். அவர்கள் எல்லாருக்கும் நான் பரிமாறியதை அவளும் பார்த்தாள். நான் சாப்பிடவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்டது அதை அல்ல என்பது எனக்குத் தெரியும்.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். மூன்றாவது கரண்டி தன் வேலையைக் காட்டியது. சம்பந்தியம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் சாய்ந்தார். “மதினி, கொழம்பு இங்கயே நிக்கிது. இனிமே என்னால அங்கிட்டு இங்கிட்டு நகர முடியாது. பைய நான் பாத்துக்கிறேன், நீங்க போயி காலையாவது நனச்சிட்டு வாங்க” என்றார். கடைசியில் மகளின் மணிக்கட்டு விடுபட்டது. அதில் நாலு விரல் தடம் இருந்தது.

மகள் உடனே அந்தப் பெரிய கோபுரத்தைக் காட்டினாள். இரும்புப் படி ஏறி உச்சிக்குப் போனால், இரண்டு பேர் உட்காருகிற டியூப்பில் வைத்துக் குழாய்க்குள் தள்ளிவிடுவார்கள். தனியாக ஏற விடமாட்டார்கள். மாப்பிள்ளை மேலே ஒரு தடவை பார்த்தார், கீழே ஒரு தடவை பார்த்தார். அவருக்கு உயரம் ஆகாது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஜாதகத்தில் அது இல்லை. “அத்தையக் கூட்டிட்டுப் போயேன்” என்றார் அவளிடம், என் பக்கம் கையைக் காட்டி. ஜாதகம் பார்த்தவரைக்கூட அன்று மனதார வாழ்த்தினேன்.

இங்கே என் முக்கியமான யோசனையைச் சொல்கிறேன். வாட்டர் பார்க்கில் கூட்டம் இல்லாத சறுக்கில் ஏறுங்கள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கேட்காதீர்கள். எந்தச் சறுக்குக்கு வரிசை நீளமோ அதில் போய் நில்லுங்கள். அந்தக் கோபுரத்தின் படி நாலு திருப்பம். நாலிலும் ஆள். விசில் வைத்திருந்த பையன் அரைமணி நேரமாவது ஆகும் என்றான். எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் முனகிக்கொண்டே போய்விட்டார்கள். எனக்கு அவன் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது.

அதற்கு முன்னால் அந்த உடையை நான் போட்டாக வேண்டும். தையல்காரி என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அதைத் தைத்தவர் மனிதர்களைப் பார்த்திருக்கலாம், ஆனால் அளவெடுத்ததில்லை. இடுப்பில் ஒரு ஆளும் கையில் வேறு ஒரு ஆளுமாக இருந்தது. எனக்கு நாற்பத்தொன்பது வயது. எனக்கு இரண்டு கால் தனித்தனியாக இருக்கிறது என்பதை ஊருக்கு முதன்முதலாக அன்றுதான் காட்டினேன். வெளியே வந்தபோது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் யாருக்குப் பயந்தேனோ அவர்கள் எல்லாரும் சங்கு ஊதுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

படியடியில் நின்ற பெண், கழுத்தில் சங்கிலி வெளியே தெரியக்கூடாது, கழற்றி வைத்துவிட்டு வாருங்கள் என்று மகளிடம் சொன்னாள். புதுத் தாலி. கழற்றுவதாவது. என் பர்ஸில் எப்போதும் ஊசிநூல் இருக்கும். நாற்காலிக்குப் போய் அதை எடுத்து வந்து, தாலியை உள்ளே தள்ளி, அந்த நைலான் சட்டையின் கழுத்தை அங்கேயே நாலு தையல் போட்டு மூடினேன். பல்லால் நூலைக் கடித்து அறுக்கும்போது என் முகம் அவள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. அப்போதே கேட்டிருக்கலாம். தைரியம் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள்.

முதல் திருப்பம் வரைக்கும் நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது திருப்பத்தில் கேட்டேன். பிள்ளைப் பருவத்தில் அவளுக்குப் பேன் பார்த்தபோது கேட்ட மாதிரிதான், முகத்தைப் பார்க்காமல்.

“வேலைய நீயா விட்டியா?”

அவள் படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “நான் விடலம்மா.”

“வேணாம்னாகளா?”

“அப்படிச் சொல்லியிருந்தாத்தான் தேவலயே. இவரக் கேட்டா அம்மாகிட்ட கேளுன்றாரு. அத்தையக் கேட்டா, அவங்கிட்ட கேளு, எனக்கென்னன்றாங்க. ரெண்டு மாசமா இதான். யாரும் வேணாம்னு சொல்லல. யாரும் சரின்னும் சொல்லல.”

நான் லேப்பைப் பற்றிக் கேட்டேன். நாளைக்கு, அதாவது திங்கட்கிழமை காலை, வந்து சேராவிட்டால் வேறு பெண்ணை எடுத்துக்கொள்வார்களாம். அதைச் சொல்ல அவள் இத்தனை நாள் இடம் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு ஒரு கேள்வி, அவளுக்கு ஒரு பதில், இரண்டுக்கும் நடுவே ஒரு பாசமான ஸ்பீக்கர்.

மூன்றாவது திருப்பத்தில் அவள் சொன்னாள். “ரெண்டு பேரையும் ஒரே எடத்துல வச்சுக் கேக்கணும்மா. தனித்தனியாக் கேட்டா நழுவிருவாங்க. நான் கேட்டா சண்டையாயிரும். அப்பாவக் கேக்கச் சொன்னா...”

அவள் முடிக்கவில்லை. இரண்டு பேரும் கீழே பார்த்தோம். என் கணவர் ஒரு கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டு, அங்கே நின்ற ஆளிடம் கையால் சுற்றிச் சுற்றி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். மகள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு மாதத்தில் அவள் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன்.

“நீ கேளும்மா” என்றாள்.

மாப்பிள்ளையிடம் நான் அதுவரை நேராகப் பேசிய வார்த்தை, “வாங்க”. அதுவும் முதல் தடவை வந்தபோது, பாதிதான் வெளியே வந்தது.

உச்சியில் காற்று பேயாக அடித்தது. ஆடி மாதம் அல்லவா. ஒரு பையன் டியூப்பைப் பிடித்துக்கொண்டு, முன்னால் உட்காருங்கள், காலை நீட்டுங்கள், கையை மடக்குங்கள் என்று மூன்று விஷயம் சொன்னான். நான் நாலாவதாக ஒன்றைச் செய்துகொண்டிருந்தபோது தள்ளிவிட்டான். அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி யோசனை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. குழாய்க்குள் இருட்டாக இருந்தது. தண்ணீர் மூக்கிலும் காதிலும் போனது. யாரோ பெரிதாகக் கத்தினார்கள். வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் அது நான் என்று தெரிந்தது.

கீழே குளத்தில் விழுந்து, டியூப் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக எழுந்தபோது என் கொண்டை அவிழ்ந்து முகம் முழுக்க முடி. கையால் ஒதுக்கிப் பார்த்தால், கையெட்டும் தூரத்தில் மாப்பிள்ளை முழங்கால் தண்ணீரில் நிற்கிறார், டியூப்பைப் பிடிக்க. அவருக்குப் பின்னால் கரையில் நாற்காலியில் சம்பந்தியம்மா, பைகளோடு. இரண்டு பேரும் ஒரே இடத்தில்.

வெட்கம் என்பது உலர்ந்த துணியில்தான் நிற்கும் போலிருக்கிறது. மாமியார் மருமகன் முன்னால் எதை எதை மறைக்க வேண்டுமோ அதெல்லாம் ஏற்கனவே போய்விட்டது. கொண்டை இல்லை, சேலை இல்லை, செருப்பு இல்லை. என் கூச்சலை அந்தப் பார்க்கே கேட்டிருந்தது. இனிமேல் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. வாயைத் திறந்தேன்.

“மாப்ள, நாளைக்கு இவ வேலையில சேரணும். காலையில பஸ்ஸுக்குக் கொண்டுபோயி விடுறது நீங்களா, சம்பந்தியா?”

சம்பந்தியம்மாவுக்கும் ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும் என்பதால் அப்படிக் கேட்டேன். போகலாமா என்று கேட்கவில்லை. அளவெடுக்கும்போது நான் யாரிடமும் ஜாக்கெட் வேண்டுமா என்று கேட்பதில்லை. கை நீளமா குட்டையா என்றுதான் கேட்பேன்.

மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார். சம்பந்தியம்மா மகனைப் பார்த்தார். “ஏண்டா, ஒங்கிட்டதான கேக்குறாக” என்றார்.

“நீதானம்மா சொல்லணும்.”

“நான் எதுக்குச் சொல்லணும்? நானா வேணாம்னேன்?”

“நானும் வேணாம்னு சொல்லலயே.”

“அப்ப யாருதான் வேணாம்னா?” என்றேன். பெண் பார்க்க வந்த அன்று அவர் கேட்டதைத்தான் திருப்பிக் கேட்டேன்.

யாரும் இல்லை. அங்கே இருந்தவர்களில் வேண்டாம் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. மகள் டியூப்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கு ஊதியது. பக்கத்துக் குளத்தில் எல்லாரும் கத்தினார்கள். அந்த நேரத்தில் என் கணவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “மூணு மோட்டாராம், ஒண்ணு மாத்தி ஒண்ணு ஓடுமாம். ஒண்ணுல பேரிங் போயிருச்சு, சத்தமே சொல்லுது” என்றார்.

மாப்பிள்ளை முகத்தில் வடிந்த தண்ணீரை வழித்துவிட்டு மகளிடம் கேட்டார். “ஏழேகால் பஸ்ஸா, எட்டு மணி பஸ்ஸா?”

“ஏழேகால்” என்றாள்.

“அப்ப ஆறே முக்காலுக்குக் கெளம்பணும்” என்றார். சம்மதம் எங்கள் பக்கம் இப்படித்தான் வரும். சரி என்று சொல்லிவிட்டால் யாருக்கோ தோற்றுவிட்ட மாதிரி ஆகிவிடும்.

அதற்குப் பிறகு அவர்கள் எல்லாரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். நான் உடையைத் திருப்பிக் கொடுத்தபோது, கழுத்தில் நாலு தையல் போட்ட மகளின் சட்டையைக் கவுண்டரில் இருந்தவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இதைத் தைத்தது யார் என்றார். நான் தலையை ஆட்டினேன். வாய் பழையபடி மூடிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது காரில் சம்பந்தியம்மா நடுவில்தான் உட்கார்ந்தார். பிறகு முன்னால் இருந்த என் கணவரிடம், “ஒங்க வீட்டம்மா வாயே தொறக்க மாட்டாங்கன்னுல்ல சொன்னீங்க” என்றார். என் கணவர், “எங்கிட்டத் தொறக்க மாட்டா” என்றார். சம்பந்தியம்மா அதற்குச் சிரித்தார். சிரிப்பு நல்ல சிரிப்பா வேறு மாதிரியா என்று எனக்குப் பிடிபடவில்லை. கொஞ்சம் கழித்து என் பக்கம் திரும்பி, குழம்பில் மல்லியை வறுத்துப் போட்டீர்களா, பச்சையாகவா என்று கேட்டார். வறுத்துத்தான் என்றேன்.

விராலிமலை பஸ் ஸ்டாண்டில் எங்களை இறக்கிவிட்டார்கள். மகள் காலித் தூக்குகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, “போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போம்மா” என்றாள். சொன்னேன். நான் சாப்பிட்டேனா என்று அவள் கேட்கவில்லை. உண்மையில் அன்று முழுக்க நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ஆனால் அந்தக் கேள்வி வராததில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பஸ்ஸில் என் கணவர் கடலை வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. ஏழரை மணிக்கு மகள் போன் செய்தாள். என் வலது காதில் தண்ணீர் அடைத்திருந்ததாலும் அங்கே பஸ் சத்தம் அதிகமாக இருந்ததாலும் அவள் சொன்னது ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. முழங்கால் வலித்தது. இரண்டு ஜாக்கெட் தைத்தேன்.